பிரதேச சபையில் பெண்களுக்கு 25 வீதம்: வேட்புமனுவில் கையொப்பம் வைக்குமுன் இதைப் படியுங்கள்

உள்ளூராட்சி சபைகளில் நான்கில் ஒரு பங்கு உறுப்பினர் பெண்களாக இருக்க வேண்டும் என்று இலங்கைச் சட்டம் சொல்கிறது. 2016, 2017 திருத்தங்களால் வந்த ஏற்பாடு இது. 2018 பெப்ரவரித் தேர்தலில் முதல் தடவை நடைமுறைக்கு வந்தது. 2025 மே 6 தேர்தலும் இதே முறையில்தான் நடந்தது. இதற்கு முன்பு நாடு முழுவதும் சபைகளில் பெண்கள் இரண்டு வீதம்கூட இல்லை. 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரைத் தந்த நாடு இது. வன்னித் தேர்தல் மாவட்டமோ 2024இல் தன் ஆறு ஆசனங்களுக்கும் ஆண்களையே நாடாளுமன்றம் அனுப்பியது. வடமாகாண சபைக்கு 2013க்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. ஆகவே கரைச்சி, பூநகரி, புதுக்குடியிருப்பு, துணுக்காய், வவுனியா வடக்கு, நானாட்டான் என்று வன்னிப் பெருநிலத்திலுள்ள சபைகள்தான் எங்கள் பெண்களுக்கு இப்போதைக்குக் கிடைக்கக்கூடிய இடம். பின்னணி இவ்வளவு போதும்.

25 வீதம் என்றதும் பலர் தமிழ்நாட்டு ஊராட்சிகளை நினைக்கிறார்கள். அங்கே ஒரு வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டால் ஆண் அதில் நிற்கவே முடியாது. பாதி இடங்கள் அப்படி ஒதுக்கப்படுகின்றன. ருவாண்டாவில் நாடாளுமன்றத்திலேயே 80 ஆசனங்களில் 24 பெண்களுக்கு மட்டும். 2008இலிருந்து அங்கே பெண்கள்தான் பெரும்பான்மை. எங்கள் நாட்டில் எந்த வட்டாரமும் பெண்ணுக்கு என்று ஒதுக்கப்படவில்லை. இங்கே இடம் கட்சிச் செயலாளரின் கையில் இருக்கிறது, சுயேச்சைக் குழு என்றால் குழுத் தலைவரின் கையில். இது விளங்காமல் இறங்கித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

சபையின் 60 வீத உறுப்பினர்கள் வட்டாரங்களில் நேரடியாக வெல்கிறார்கள். மிச்சம் 40 வீதம் கட்சிகள் பெற்ற மொத்த வாக்கின்படி பகிரப்படுகிறது. வேட்புமனுவும் இரண்டு பத்திரம். வட்டார வேட்பாளர்களின் பத்திரத்தில் பெண்கள் 10 வீதம் இருந்தால் போதும். அந்த 40 வீதத்துக்கான மேலதிகப் பட்டியலில் 50 வீதம் இருக்க வேண்டும். வெல்லக்கூடிய வட்டாரத்தில்தான் அந்தப் பத்து வீதம் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. அதனால், தோற்பது உறுதி என்று கட்சிக்குத் தெரிந்த வட்டாரம் பெண்ணுக்கு வருகிறது. அந்த வட்டாரத்தில் கட்சிக்குக் கடந்த முறை எத்தனை வாக்கு விழுந்தது என்று கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

மேலதிகப் பட்டியலில் உங்கள் பெயர் முதலாவதாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை நம்பி இருக்க வேண்டாம். அந்த வரிசைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. முடிவு வந்தபின் செயலாளர் யாரின் பெயரை எழுதிக் கொடுக்கிறாரோ அவர்தான் உறுப்பினர். வட்டாரத்தில் தோற்றவரையும் அவர் போடலாம், பட்டியலில் கடைசியாக இருந்தவரையும் போடலாம். சில வாக்குகளால் தோற்ற, ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு பெண்ணை விட்டுவிட்டு, பிரசாரத்துக்கே வராத ஒருவரின் பெயர் வர்த்தமானியில் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். விடப்பட்ட அந்தப் பெண்ணால் எந்தக் கந்தோரிலும் முறையிட முடியவில்லை. முறைப்படி எல்லாம் சரியாகவே நடந்திருந்தது.

அடுத்த ஓட்டை கணக்கில் இருக்கிறது. ஒரு கட்சி 20 வீதத்துக்குக் குறைவான வாக்குப் பெற்று, அதற்குக் கிடைக்கும் உறுப்பினர் தொகையும் மூன்றுக்குக் குறைவு என்றால், அது பெண்ணை நியமிக்க வேண்டிய கடமை இல்லை. 20 பேர் கொண்ட சபை ஒன்றை எடுங்கள். ஐந்து பெண்கள் வர வேண்டும். பெரிய கட்சி தனக்குரிய உறுப்பினர் எல்லாரையும் வட்டாரங்களிலேயே வென்றுவிட்டால் அதற்குப் பட்டியல் ஆசனம் இல்லை. வென்றவர்கள் எல்லாரும் ஆண்கள். பட்டியல் ஆசனங்கள் சின்னக் கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் ஒன்றிரண்டாகப் பிரிகின்றன. அவர்களுக்கு விலக்கு. அந்த ஐந்து பெண்களும் எங்கிருந்து வருவது? வாக்குகள் பல கட்சிகளுக்குச் சிதறும் வன்னியில் இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. இதை அடைக்க வழி ஒன்றுதான்: வெல்லக்கூடிய வட்டாரத்தைக் கேட்டு வாங்குவது.

சரி, கையொப்பத்துக்கு வருவோம். வேட்புமனு காலத்தில் பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். மாடு கட்டுகிற நேரம், அடுப்பில் சோறு. "அக்கா, சும்மா ஒரு சைன் வையுங்கோ, பெண்கள் ஆள் காணாது, உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை" என்று சைக்கிள் சீற்றில் கடதாசியை விரித்துப் பேனாவை நீட்டுவார்கள். அந்தக் கடதாசிக் கட்டில் சம்மதப் பத்திரம் இருக்கும், தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்ற, அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைச் சத்தியமும் இருக்கும். அதற்குக் கீழே திகதி போடாத ராஜினாமாக் கடிதம் ஒன்றும் இருக்கலாம். ஆசனத்தைச் சுழற்சியில் பலருக்குப் பகிர்வதற்காக முன்கூட்டியே வாங்கி வைப்பது அது. திகதி இல்லாத எதிலும், வெற்றுத் தாளிலும் கையொப்பம் வைக்காதீர்கள். கட்சி முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கையொப்பமிட்ட ஒவ்வொரு தாளையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

தகுதியில் முதலில் பார்க்க வேண்டியது வாக்காளர் இடாப்பு. உங்கள் பெயர் அந்தச் சபையின் எல்லைக்குள் பதிவாகியிருக்க வேண்டும். மணமுடித்து வந்தவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காக வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ பதிந்தவர்கள், மீள்குடியேறியும் பதிவை மாற்றாதவர்கள் இதில்தான் விழுகிறார்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடிப் பயனில்லை. கிராம அலுவலர் ஆண்டுதோறும் இடாப்பு எடுக்கும்போதே திருத்துங்கள்.

பெயரின் எழுத்து அடுத்த தலையிடி. அடையாள அட்டையில் ஒருவிதம், பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், இடாப்பில் இன்னொருவிதம். 2009 போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து பிறகு பிரதி எடுத்தவர்களுக்கு இது சாதாரணம். கிராம அலுவலர் பிரதேச செயலகம் போகச் சொல்வார், அங்கே தேர்தல் அலுவலகம் போகச் சொல்வார்கள், தேர்தல் அலுவலகம் திரும்பவும் கிராம அலுவலரின் கடிதம் கேட்கும். ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவுக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் போய்வர வேண்டும் என்பது மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு ஒரு விஷயமே இல்லை. என்ன கடிதம், யாரின் கையொப்பம் என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். 2025 மார்ச்சில், இளம் வேட்பாளர்களின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி சரியாக அத்தாட்சிப்படுத்தப்படவில்லை என்று நாடெங்கும் பல வேட்புமனுக்கள் முழுதாக நிராகரிக்கப்பட்டன. சிலவற்றை நீதிமன்றம் போய்த்தான் மீட்டார்கள். கடைசி நாள் நண்பகல் 12 மணிக்குக் கதவு மூடிவிடும். ஆவணத்தை அதற்குப் பல நாள் முன்பே கையில் வைத்திருங்கள்.

அரச சம்பளம் வாங்குபவர்கள், சபையோடு ஒப்பந்த வேலை செய்பவர்கள், முக்கியமாகச் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் சம்பளம் எடுக்கும் முன்பள்ளி ஆசிரியைகள், பண்ணைத் தொழிலாளர்கள், நிற்கலாமா என்று மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். "பிரச்சினை இல்லை, நாங்கள் பார்க்கிறோம்" என்ற கட்சிக்காரரின் சொல் வேலை போகும்போது உதவாது. இன்னொன்று: போருக்குப் பின் புனர்வாழ்வு பெற்ற முன்னாள் போராளி என்பது மட்டும் தகுதியிழப்பு அல்ல. அதைச் சொல்லி யாராவது உங்களைப் பயமுறுத்தினால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

கடைசியாகச் செலவுக் கணக்கு. பெண்களை அதிகம் வதைக்கப்போவது இதுதான் என்று நினைக்கிறேன். 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் தன் வரவு செலவு அறிக்கையைத் தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலரிடம் கொடுக்க வேண்டும். தோற்றாலும் கொடுக்க வேண்டும். ஒரு சதமும் செலவழிக்கவில்லை என்றால் செலவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வழக்கு வரும். "சும்மா ஒரு சைன்" வைத்தவரின் வீட்டு வாசலில் நீதிமன்ற அழைப்பாணையோடு பொலிஸ் வந்து நிற்கும்போது, அந்த மோட்டார் சைக்கிள்காரர் தொலைபேசியை எடுக்கமாட்டார். கட்சி மொத்தமாகக் கொடுத்துவிடும் என்று சொன்னாலும் நீங்களே கச்சேரிக்குப் போய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள். மேலதிகப் பட்டியலில் மட்டும் பெயர் இருந்தவர்களும் அதே கிழமை போய், தாங்களும் கொடுக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.