'வாழைப்பழம்' என்று சொல்ல என்னென்ன நடக்கிறது?

என் அக்கா மகளுக்கு அப்போது மூன்று வயது. பழக்கடையில் நின்றுகொண்டு "வாயப்பயம் வேணும்" என்றாள். "வாயப்பயமா?" என்று நானும் அவளைப் போலவே கேட்டேன். முகத்தைச் சுளித்தாள். "இல்ல மாமா, வாயப்பயம்!" அவள் கணக்கில் நான் சொன்னது தப்பு, அவள் சொன்னது சரி. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அவளுக்கு ஏன் அப்படிக் கேட்கவில்லை என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

பெரியவர்களிலேயே பலருக்கு ழகரம் படியாது. சென்னைப் பக்கம் அது ய ஆகும், தென் மாவட்டங்களில் ள ஆகும். அந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டாலும் 'வாழைப்பழம்' என்று சொல்வது லேசுப்பட்ட வேலை இல்லை.

கீழிருந்து தொடங்கலாம். பேச்சுக்கு முதலீடு மூச்சுக்காற்று. சும்மா இருக்கும்போது மூச்சை இழுக்கும் நேரத்துக்கும் விடும் நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பேச ஆரம்பித்ததும் கணக்கு மாறிவிடுகிறது. சட்டென்று இழுத்துக்கொண்டு, மெதுவாகச் செலவழிக்கிறோம். மொத்த நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுப்பதற்குப் போகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்று நிறைந்த நுரையீரல் ஊதிய பலூன் மாதிரி, விட்டால் புஸ்ஸென்று சுருங்கிவிடும். அதனால் மூச்சை இழுக்கப் பயன்பட்ட விலாத் தசைகளே, பேசும்போது அது சுருங்கிவிடாமல் பிடித்துக்கொள்ளும் வேலையையும் செய்கின்றன. காற்று தீரும் கட்டத்தில் வயிற்றுத் தசைகள் உள்ளே அமுக்கி மிச்சத்தை வெளியே தள்ளுகின்றன. மூச்சுவிடாமல் ஒரு நீள வாக்கியம் பேசிப் பாருங்கள், கடைசியில் வயிறு இறுகுவது தெரியும்.

இந்தக் காற்று குரல்வளைக்குள் வரும்போது இரண்டு மடிப்புகளைத் தாண்ட வேண்டும். குரல்நாண்கள் என்று பெயர். நாண் என்றதும் வீணைத் தந்தி நினைவுக்கு வரும், ஆனால் இவை ஈரமான சதை மடிப்புகள், நீளம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். பேசும்போது ஆண்களுக்கு நொடிக்கு ஏறத்தாழ 120 முறை, பெண்களுக்கு 200 முறை, குழந்தைகளுக்கு 300 முறை இவை திறந்து மூடும். ஒவ்வொரு முறையும் 'திற, மூடு' என்று மூளை கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. தசைகள் இரண்டு மடிப்புகளையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவதோடு சரி. கீழே சேரும் காற்றழுத்தம் அவற்றைப் பிளந்துகொண்டு வெளியேறும், உடனே மடிப்புகள் தம் இழுவிசையாலும் பாயும் காற்றின் அழுத்தக் குறைவாலும் திரும்ப ஒட்டிக்கொள்ளும். அதே பலூனின் வாயை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக் காற்றை விட்டால் கீச்சென்று கத்துமே, அந்தக் கதைதான்.

உயிரோடு இருப்பவரின் தொண்டையில் இது நடப்பதைப் பார்த்து விவரமாக எழுதியவர் மருத்துவர் அல்ல, மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். 1854-ல் பல் மருத்துவர் பயன்படுத்தும் மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியைத் தன் வாய்க்குள் விட்டு, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பி, பாடியபடியே தன் குரல்நாண்களைப் பார்த்தார். குமட்டலை அடக்கிக்கொண்டு பாடியதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

குரல்வளையில் பிறப்பது இன்னும் பேச்சு ஆகவில்லை, வெறும் ரீங்காரம்தான். அதை ஆ என்றும் ஈ என்றும் ஊ என்றும் மாற்றுவது அதற்கு மேலே உள்ள குழாய்: தொண்டை, வாய், மூக்கு. நாக்கும் தாடையும் உதடும் அந்தக் குழாயின் வடிவத்தை மாற்ற மாற்ற, ரீங்காரத்தில் சில அதிர்வெண்கள் ஓங்கும், சில அடங்கும். காதில் ரகசியம் பேசும்போது குரல்நாண்கள் அதிர்வதே இல்லை. தொண்டையில் விரலை வைத்தால் தெரியும். ஆனாலும் ரகசியம் முழுசாகப் புரிகிறதே! எழுத்துகளைச் செதுக்கும் வேலையில் பெரும்பங்கு வாய்க்குத்தான்.

இப்போது பழத்துக்கு வருவோம். 'வா'வுக்கு கீழுதடு மேற்பல்லை நெருங்கி, அப்புறம் தாடை இறங்கும். 'ப்ப'வுக்கு உதடு இறுக மூடி, காற்று ஒரு கணம் அடைபட்டு, வெடித்துத் திறக்கும். கடைசி 'ம்'முக்கும் உதடு மூடும், ஆனால் வாயின் மேற்கூரையில் பின்னால் தொங்கும் மென்மையான பகுதி கீழே இறங்கி மூக்கு வழியைத் திறந்துவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு 'மாமா' என்று சொன்னால் 'பாபா' போலக் கேட்பதும், சளி பிடித்தால் நம் பேச்சு மாறுவதும் இதனால்தான்.

நடுவில் இரண்டு முறை வருகிறது ழ. 'ள' சொல்லும்போது மேல்நோக்கி வளைந்த நுனிநாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிடும். 'ழ'வில் நாக்கு அதே மாதிரி வளைந்து பின்னால் போகும், கிட்டத்தில் வரும், ஆனால் முட்டாது. தொடுவது சுலபம், சுவரில் கை வைப்பது மாதிரி. தொடாமல் சில மில்லிமீட்டர் தள்ளி அந்தரத்தில் நிறுத்துவதற்குத்தான் பழக்கம் வேண்டும். 1999-ல் ஸ்ரீகாந்த் நாராயணனும் உடன் ஆய்வாளர்களும் தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்துக்கும் நாக்கு எடுக்கும் வடிவங்களை எம்.ஆர்.ஐ. படங்களில் அளந்து வெளியிட்டார்கள். தொல்காப்பியம் ழகரத்துக்கு 'நுனிநா அணரி அண்ணம் வருட' என்கிறது. அணரி என்றால் மேல்நோக்கி வளைந்து. நல்ல கவனிப்பு! அதற்காக எல்லாம் அன்றே சொல்லியாகிவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்த வேண்டியதில்லை, மிடறு என்ற சொல் அதில் உண்டு, குரல்நாண் இல்லை.

இத்தனை உறுப்புகளும் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வேலை செய்வதில்லை. கண்ணாடி முன் நின்று 'பீ' என்றும் 'பூ' என்றும் சொல்லிப் பாருங்கள். 'பூ'வில் ஊகாரம் வருவதற்கு முன்பே, ப்-க்காக மூடியிருக்கும் உதடு குவிந்துவிட்டிருக்கும். அப்படியானால் அடுத்து என்ன வரப்போகிறது என்று மூளைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவரிடம் வந்த நோயாளி எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்றே பதில் சொன்னார். மற்றவர்கள் பேசுவது அவருக்குப் புரிந்தது. அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடதுபக்கம், முன்பகுதியில் சேதம் இருந்தது. அந்த இடத்துக்கு இன்றும் புரோக்கா பகுதி என்றுதான் பெயர், 'பேச்சை உண்டாக்கும் இடம்' என்றும் பாடப் புத்தகங்கள் சொல்லும். அது அவ்வளவு எளிதில்லை. வலிப்பு நோய் அறுவைச் சிகிச்சைக்காக மூளையின் மேல் மின்முனைகள் வைக்கப்பட்டவர்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தபோது, சொல் வாய்க்கு வருவதற்கு முன் புரோக்கா பகுதி மும்முரமாக இருந்தது, வாய் அசைய ஆரம்பித்ததும் அடங்கிவிட்டது. கல்யாண வீட்டில் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்ளும் பெரியவர் மாதிரி. உதடு, நாக்கு, தாடை, குரல்வளை ஒவ்வொன்றையும் அசைக்கும் வேலையை மூளையின் இயக்கப்பட்டை எடுத்துக்கொள்கிறது.

அதோடு முடியவில்லை. பேசிக்கொண்டே நம் பேச்சை நாமே கேட்டுச் சரிபார்க்கிறோம். போனில் பேசும்போது நம் குரலே சற்றுத் தாமதமாகத் திரும்பிக் கேட்டால் நாக்கு குழறும், சொல் இழுபடும். நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம் போதும்.

ஆனால் குழந்தைகளிடம் காது முந்திக்கொள்கிறது, நாக்கு பின்தங்குகிறது. 1960-ல் ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரவுனும் ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார்கள். பொம்மை மீனை அது 'ஃபிஸ்' என்றது. பெரியவர் 'ஃபிஸ்' என்றால் மறுத்தது, 'ஃபிஷ்' என்று திருத்திச் சொன்னதும் 'ஆமாம், என் ஃபிஸ்' என்று ஒத்துக்கொண்டது. மற்றவர் வாயில் ஷ, ஸ வித்தியாசம் அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது, சொல்லத்தான் நாக்கு வளையவில்லை.

அக்கா மகளும் அன்று கடையில் ழவைத்தான் கேட்டாள், ழ என்று சொன்னதாகவே நினைத்தாள். இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. மழை, கிழவி, வாழைப்பழம் எல்லாம் சரியாக வருகிறது. எந்த நாளிலிருந்து வர ஆரம்பித்தது என்று கேட்டால் அக்காவுக்கும் சொல்லத் தெரியவில்லை.