உள்நாக்கு வளந்திருக்குன்னு சொல்லீட்டாங்க, ஆபரேஷன் பண்ணியே ஆகோணுமா?

போன ஐப்பசி மழையில எங்க பையனுக்கு மறுபடியும் காச்சலுங்க. வெடியால எந்திரிச்சவன் எச்சி முழுங்க முடியலைன்னு அழுகறான், தாடைக்குக் கீழ தொட்டுப் பாத்தா ரெண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கு. திண்ணையில உக்கார வெச்சு, வாயை நல்லா தொறடா சாமின்னு சொல்லி செல்போன் டார்ச் அடிச்சுப் பாத்தேன். தொண்டைக்கு ரெண்டு பக்கமும் கோவைப்பழமாட்ட செவசெவன்னு ரெண்டு சதை, அதுமேல தயிரைத் தெளிச்சாப்புல வெள்ளை வெள்ளையா புள்ளி. எங்க அத்தையும் எட்டிப் பாத்துட்டு "ஏனம்மிணி, இது உள்நாக்கு வளந்திருக்குது, எடுத்துப்போட்டாத்தான் நிக்கும்"ன்னாங்க. பக்கத்து டவுன் டாக்டரும் ரொம்பப் பெருசா இருக்கு, பரீட்சை லீவுல எடுத்துரலாம்னுட்டாரு. ஆறு வயசுப் பையனை மயக்க மருந்து குடுத்துப் படுக்க வெக்கறதை நெனச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வரல, அதனால கோயமுத்தூர்ல இன்னொரு ஈஎன்டி டாக்டர்கிட்ட போனோம்.

அந்தம்மா வாயைத் தொறக்கச் சொல்றதுக்கு முன்னாடியே கேட்ட கேள்வி, இதுவரைக்கும் எத்தனை தடவை வந்துச்சுன்னு. நெறைய தடவைங்க டாக்டர்ன்னேன். நெறையன்னா எத்தனை, ஒவ்வொரு தடவையும் காச்சல் எவ்வளவு, இருமல் இருந்துச்சா, வெள்ளை இருந்துச்சான்னு கேட்டாங்க. எங்ககிட்ட பதில் இல்ல. எங்க ஊட்டுல ரெண்டு மாடு இருக்கு, சொசைட்டிக்குப் பால் ஊத்தறோம், வெடியால எத்தனை லிட்டர் பொழுதோட எத்தனை லிட்டர்னு அத்தை ஒருநாள் விடாம நோட்டுல எழுதி வெச்சிருக்காங்க, பையன் காச்சலுக்கு ஒரு துண்டுச்சீட்டு இல்ல. அன்னைக்கு ஆரம்பிச்சுத்தான் நான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன், படிக்கப் படிக்க அந்தக் கேள்விதான் மொத்த விசயமும்னு புரிஞ்சுது.

முதல்ல பேரு. உள்நாக்குங்கறது தொண்டை நடுவுல மணி நாக்கு மாதிரி தொங்குதே, அது. நாம வீங்கியிருக்குன்னு சொல்றது அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற டான்சில். மூக்குக்குப் பின்னாடி அடினாய்டு, நாக்கு அடியில கொஞ்சம், ரெண்டு பக்கமும் இந்த டான்சில்னு தொண்டை வாசல்ல ஒரு வளையமாட்ட இந்தத் திசு இருக்கு, வால்டயர்ங்கற ஜெர்மன்காரர் 19ஆம் நூற்றாண்டுல இதை விவரிச்சதால அவர் பேர்லயே வளையம்னு சொல்றாங்க. டான்சிலை உத்துப் பாத்தா கடலைக்காய் ஓட்டு மேல இருக்கற மாதிரி குழி குழியா இருக்கும். அந்தக் குழி ஒவ்வொண்ணும் உள்ள ஆழமாப் போகுது. சோறு தண்ணி காத்துன்னு எது உள்ள போனாலும் அதுல வர்ற கிருமி கொஞ்சம் அந்தக் குழியில மாட்டும், அடியில இருக்கற செல்லுங்க அதைப் புடிச்சு உள்ள நோய் எதிர்ப்பு அணுக்கள்கிட்ட காட்டும், அதுங்க இந்தக் கிருமிக்கு என்ன ஆயுதம் வேணுமோ அதைத் தயார் பண்ணி எண்ணிக்கையில பெருகும். அப்படிப் பெருகறப்பத்தான் சதை வீங்குது. மூணு வயசுல இருந்து ஏழு வயசு வரைக்கும் கொழந்தை புதுப்புதுக் கிருமியைப் பாக்கற காலம், அதனால டான்சில் அப்பத்தான் ரொம்பப் பெருசா இருக்கும், அப்புறமேட்டுக்கு வயசு ஏற ஏறத் தானாச் சுருங்கிரும். ஆறு வயசுப் பையன் தொண்டையில பெருசா ரெண்டு சதை தெரியறது அந்த வயசுக்கு உண்டான சங்கதி. பெருசா இருக்குங்கறது மட்டும் எடுக்கறதுக்குக் காரணமே ஆகாதுங்க.

அப்ப டான்சில் எதுக்குக் கெட்டுப்போகுது? அதே குழிதான் காரணம். சில கொழந்தைகளுக்குக் கிருமி அந்த ஆழத்துலயே ஒளிஞ்சு தங்கிரும், மருந்து முழுசா அங்க போய்ச் சேராது, மருந்தை நிறுத்தினதும் மறுபடி கெளம்பும். இப்படிப்பட்ட கொழந்தைக்கு எடுத்தா நல்ல பலன் இருக்கு. ஆனா தொண்டை நோவுன்னு வர்றதுல எல்லாமே இந்த ரகம் இல்ல. கொழந்தைகளுக்கு வர்ற தொண்டை நோவுல பெரும்பாலும் வைரஸ்தான், பத்துக்கு ரெண்டு மூணுதான் ஸ்ட்ரெப்ங்கற பாக்டீரியா. மூக்கு ஒழுகி, இருமி, குரல் கம்மிப்போய் வந்தா அது அனேகமா வைரஸ், ஆன்டிபயாடிக்கால பிரயோஜனம் இல்ல. திடீர்னு காச்சல் ஏறி, இருமலே இல்லாம, கழுத்துல நெறி கட்டி, டான்சில் மேல வெள்ளை படிஞ்சா ஸ்ட்ரெப்பா இருக்கலாம், அப்பவும் தொண்டையில பஞ்சுக்குச்சி வெச்சு எடுத்து ஸ்வாப் டெஸ்ட் பண்ணிப் பாத்தாத்தான் உறுதி. நம்ம பக்கம் அதுக்குப் பதிலா ஏஎஸ்ஓன்னு, ஸ்ட்ரெப்புக்கு எதிரா ஒடம்பு உண்டாக்கற எதிர்ப்புப் பொருளை அளக்கற ஒரு ரத்த டெஸ்ட் எழுதிக் குடுத்து, அது எச்சா இருக்குன்னு பயமுறுத்தறதை நானே பாத்திருக்கேன். அந்த அளவு கிருமி வந்து ஒரு வாரம் கழிச்சுத்தான் ஏற ஆரம்பிக்கும், மூணுல இருந்து ஆறு வாரத்துல உச்சிக்குப் போகும், எறங்க மாசக்கணக்கா ஆகும். எப்பவோ ஸ்ட்ரெப் வந்துட்டுப் போயிருக்குன்னு அது சொல்லும், இன்னைக்கு இருக்கற தொண்டை நோவுக்கு என்ன காரணம்னு சொல்லாது, ஆபரேஷன் பண்ணோணுமா வேண்டாமான்னும் சொல்லாது.

ஸ்ட்ரெப்புன்னு தெரிஞ்சா மட்டும் விளையாட்டா இருக்கக் கூடாதுங்க. அதைச் சரியா கவனிக்காம விட்டா சில கொழந்தைகளுக்கு ருமாட்டிக் காச்சல் வந்து, ஒடம்பே தன்னோட இதய வால்வைத் தாக்க ஆரம்பிச்சுரும், அப்புறம் 21 நாளைக்கு ஒருக்கா பென்சிலின் ஊசின்னு வருசக்கணக்கா ஓடோணும். தொண்டை நோவு ஆரம்பிச்சு ஒம்பது நாளைக்குள்ள சரியான ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சா இதைத் தடுத்துரலாம். ஆனா வாயில குடுக்கற பென்சிலினோ அமாக்சிசிலினோ பத்து நாள் முழுசாக் குடுக்கோணும். மூணாம் நாள் பையன் ஓடி ஆடறான்னு பாட்டிலை மூடி வெக்கறோமே, நான் ரெண்டு தடவை அப்படித்தான் பண்ணியிருக்கேன், அது பெரிய தப்பு. இதயத்துக்குப் பயந்து டான்சிலை எடுக்கச் சொல்றவங்களும் இருக்காங்க, இதயத்தைக் காப்பாத்தறது அந்தப் பத்து நாள் மருந்துதான்.

இனி கணக்குக்கு வாறேன். உலகத்துல பெரும்பாலான ஈஎன்டி டாக்டருங்க பாக்கறது ஏழு, அஞ்சு, மூணுங்கற கணக்கு. ஒரே வருசத்துல ஏழு தடவையாச்சும் வந்திருக்கோணும், இல்லைன்னா ரெண்டு வருசமா வருசத்துக்கு அஞ்சு, இல்லைன்னா மூணு வருசமா வருசத்துக்கு மூணு. சும்மா தொண்டை வலிக்குதுன்னு சொன்னா அது கணக்குல சேராது. வலியோட கூட காச்சல் 101 டிகிரியைத் தாண்டியிருக்கோணும், இல்ல கழுத்துல நெறி கட்டி நோகோணும், இல்ல வெள்ளை படிஞ்சிருக்கோணும், இல்ல ஸ்வாப்ல ஸ்ட்ரெப் வந்திருக்கோணும், இந்த நாலுல ஒண்ணாச்சும் இருந்து, டாக்டர் பாத்து அப்பவே சீட்டுல எழுதியிருக்கோணும்.

இது அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல ஜாக் பாரடைஸ்ங்கற கொழந்தை டாக்டரோட குழு 1984ல வெளியிட்ட ஆராய்ச்சியில இருந்து வந்தது. இந்த அளவுக்குத் தொண்டை நோவு வந்த 187 கொழந்தைகளை வருசக்கணக்கா கூடவே இருந்து கவனிச்சிருக்காங்க. டான்சில் எடுத்தவங்களுக்கு முதல் ரெண்டு வருசம் தொண்டை நோவு நல்லா கொறஞ்சுது, மூணாம் வருசம் வித்தியாசம் அவ்வளவா இல்ல. எடுக்காதவங்கள்லயும் நெறையப் பேருக்கு வருசத்துக்கு மூணு தடவைக்குள்ளயே அடங்கிருச்சு, வந்ததும் பெரும்பாலும் லேசாத்தான் வந்துது. அவ்வளவு கடுமையா இருந்த கொழந்தைகளுக்கே இப்படின்னா, வருசத்துக்கு மூணு நாலு தடவை வர்ற கொழந்தைக்குக் கெடைக்கற லாபம் எத்துணூண்டுன்னு யோசிச்சுப் பாருங்க. அதனாலதான் கணக்கு எட்டலைன்னா ஒரு வருசம் பொறுத்துப் பாக்கச் சொல்றாங்க, எட்டினாக்கூட எடுக்கலாம்னுதான் சொல்றாங்க, எடுத்தே ஆகோணும்னு இல்ல.

எழுதி வெக்கோணும்னு எதுக்கு இவ்வளவு அழுத்தறேன்னா அதே குழு 1978ல இன்னொண்ணு வெளியிட்டாங்க. எங்க கொழந்தைக்கு அடிக்கடி வருதுன்னு அப்பா அம்மா வாயால சொன்ன, ஆனா எழுத்துல எதுவும் இல்லாத 65 கொழந்தைகளை எடுத்து, இனிமே ஒவ்வொரு தடவையும் எங்ககிட்ட கூட்டீட்டு வாங்கன்னு சொல்லி எண்ணிப் பாத்தாங்க. சொன்ன அளவுக்கு உண்மையாவே வந்தது 11 பேருக்குத்தான். பெத்தவங்க யாரும் பொய் சொல்லல. கொழந்தை படற பாட்டைப் பாக்கறப்ப மனசுக்கு ஒரு தடவை பத்து தடவையாத் தெரியும்.

டாக்டர் கண்ணும் அப்படித்தான். 1934ல நியூயார்க்ல ஸ்கூல் படிக்கற 1000 கொழந்தைகளைப் பாத்தாங்க, அதுல 611 பேருக்கு ஏற்கனவே டான்சில் எடுத்தாச்சு. மீதி 389 பேரை டாக்டருங்ககிட்ட காட்டினாங்க, 174 பேருக்கு எடுக்கோணும்னாங்க. வேண்டாம்னு சொன்ன 215 பேரை வேற டாக்டருங்ககிட்ட காட்டினா, அதுல 99 பேருக்கு எடுக்கோணும்னாங்க. மிச்சம் 116 பேரை மறுபடி வேற டாக்டருங்ககிட்ட காட்டினா 51 பேருக்கு எடுக்கோணும்னு வந்துது. ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட பாதி. கடைசியில எடுக்க வேண்டாம்னு மிஞ்சினது 65 பேரு. வாயைத் தொறந்து சதையை மட்டும் பாத்து முடிவு பண்ணினா இப்படித்தான் ஆகும். எனக்கு ரெண்டு டாக்டர் ரெண்டு விதமாச் சொன்னப்ப யாரு சரின்னு கொழம்பினேனே, இதைப் படிச்சப்புறம்தான் நிம்மதியாச்சு, ஒருத்தரு சதையைப் பாத்தாரு, ஒருத்தரு கணக்கைக் கேட்டாங்க.

இந்தக் கணக்கெல்லாம் பாக்காம சீக்கிரமா முடிவெடுக்க வேண்டிய கொழந்தைகளும் உண்டு. தாராபுரத்துல எங்க சித்தி பேத்தி ஒருத்தி, அவளுக்குக் காச்சலே வராது, ஆனா ராத்திரி கொறட்டை அடுத்த ரூமுக்குக் கேக்கும், நடுவுல மூச்சு நின்னுபோய் அப்புறம் திடுக்குன்னு இழுத்துட்டு முழிப்பா, படுக்கையில ஒண்ணுக்குப் போயிருவா, பகல்ல எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுவா. அது டான்சிலும் அடினாய்டும் சேந்து தொண்டையில மூச்சுப் போற வழியை அடைக்கறது. எடுத்த அப்புறம் அவ தூங்கற தூக்கத்தைப் பாத்து சித்தி கண்ணு கலங்கிட்டாங்க. இன்னைக்கு இந்த ஆபரேஷன் நெறையா நடக்கறதே இந்த மூச்சடைப்புக்குத்தான். டான்சில் பக்கத்துல சீழ்க்கட்டி ஒரு தடவைக்கு மேல வந்தவங்க, பல ஆன்டிபயாடிக் ஒத்துக்காத கொழந்தைங்க, மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா காலண்டர் பாத்து வர்ற மாதிரி காச்சலும் வாய்ப்புண்ணும் நெறியும் ஒட்டுக்கா வர்ற கொழந்தைங்க, இவங்களுக்கும் டாக்டர் தனியா யோசிப்பாங்க. ஒரு பக்கம் மட்டும் டான்சில் வேகமாப் பெருசாயிட்டே போனா தள்ளிப்போடாம உடனே காட்டீருங்க.

எடுத்தா எதிர்ப்பு சக்தி போயிருமான்னு எல்லாரும் கேக்கறாங்க. 1971ல ஒரு ஆராய்ச்சியில, டான்சிலும் அடினாய்டும் எடுத்த கொழந்தைகளுக்கு மூக்குக்குப் பின்னாடி இருந்த போலியோ எதிர்ப்புப் பொருள் நல்லா கொறஞ்சதைப் பாத்தாங்க, அதனால அது சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கற சதைன்னு சொல்ல முடியாது. ஆனா அதே வேலையைப் பண்ற திசு நாக்கு அடியில, கழுத்துல, குடல்லன்னு இன்னும் நெறைய இருக்கு, எடுத்த கொழந்தைங்க பெருசா நோஞ்சானாப் போறதில்ல. அவசியம்னா பயப்பட வேண்டாம், அவசியம் இல்லாம எடுக்கவும் வேண்டாம், அவ்வளவுதானுங்க. தயிரும் ஐஸ்கிரீமும் குடுத்துத்தான் வந்துதுன்னு அத்தை இன்னும் சொல்றாங்க. கிருமி வர்றது பக்கத்துப் பெஞ்சுக் கொழந்தை இருமறதுலயும் ஒரே வாட்டர் பாட்டில்ல வாய் வெச்சுக் குடிக்கறதுலயும்தான்.

எடுக்கறதுன்னு முடிவாயிட்டா ஒண்ணை மட்டும் கெட்டியா மனசுல வெச்சுக்கோங்க. ஆபரேஷன் அரைமணி முக்கால்மணி நேரத்துல முடிஞ்சுரும். எடுத்த எடத்துல வெள்ளையா ஒரு படலம் கட்டும், சீழ்னு பயந்துக்காதீங்க, அது புண்ணு ஆறற பொருக்கு. காது வலிக்குதுன்னு அழுவாங்க, தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு போறதால அப்படித் தெரியுது. அஞ்சாம் நாள்ல இருந்து பத்தாம் நாளுக்குள்ள அந்தப் பொருக்கு உதுரும், அப்பத்தான் சில கொழந்தைகளுக்கு ரத்தம் வரும். நூத்துக்கு ஒரு சிலருக்குத்தான், ஆனா வந்தா காத்திருக்கக் கூடாது. நம்ம பக்கம் தோட்டத்துக்குள்ள ஊடு இருக்கறவங்க நெறையா, மெயின் ரோட்டுக்கு வரவே ரெண்டு மைல் இருக்கும், அதனால அந்த ரெண்டு வாரமும் ராத்திரி உடனே எடுக்கற மாதிரி ஒரு வண்டி வாசல்ல நிக்கோணும், இல்லைன்னா டவுன்ல சொந்தக்காரங்க ஊட்டுல இருந்துக்கோங்க. தண்ணி நெறையாக் குடிக்க வெக்கோணும், காஞ்சுபோனா வலியும் எச்சாகும். வலிக்கு டாக்டர் எழுதினதை மட்டும் குடுங்க. வலிக்கும் இருமலுக்கும் குடுக்கற கோடீன் இருக்கற மருந்தை 2013ல அமெரிக்காவுல இந்த ஆபரேஷன் பண்ணின கொழந்தைகளுக்குக் குடுக்கவே கூடாதுன்னு தடுத்துட்டாங்க, சில கொழந்தை ஒடம்பு அதை வேகமா மார்ஃபினா மாத்தி மூச்சு நின்னுருது. ஊட்டுல இருக்கற பழைய இருமல் மருந்தை எடுத்து ஊத்தீராதீங்க.

எங்க பையனுக்குப் பழைய சீட்டையெல்லாம் தேடி எடுத்து, அத்தையோட பால் நோட்டுக்குப் பின்னாடி பக்கத்துலயே எழுத ஆரம்பிச்சேன். தேதி, காச்சல், இருமல் உண்டா, நெறி உண்டா, வெள்ளை உண்டா, என்ன மருந்து எத்தனை நாள். ஜூன்ல இருந்து மாசி வரைக்கும் எட்டு தடவை தொண்டை நோவு வந்திருக்கு, அந்த நாலுல ஒண்ணாச்சும் இருந்தது மூணு. கோயமுத்தூர் டாக்டரம்மா நோட்டைப் பொறட்டிப் பாத்துட்டு, இப்ப வேண்டாம், எழுதறதை நிறுத்தாம அடுத்த ஜூன்ல வாங்கன்னாங்க. போன வாரம் வெடியால மறுபடி தொண்டை வலிக்குதுன்னான், மூக்கு ஒழுகுச்சு, தெர்மாமீட்டர் வெச்சா 99. நான் சமையக்கட்டுல இருந்து வர்றதுக்குள்ள அத்தையே நோட்டை எடுத்து எழுதீட்டாங்க: "சளி. நெறி இல்ல. வெள்ளை இல்ல. கணக்குல சேராது."