நல்ல புத்தகம் என்று என்னிடம் எதுவும் இல்லை

சேலத்தில் நூலகராக வேலை பார்க்கிறேன். மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "நல்ல புத்தகமாக ஒன்று கொடுங்கள்." மருந்துக் கடையில் யாரும் "நல்ல மாத்திரையாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்பதில்லை. தலைவலியா, வயிற்று வலியா என்று சொல்லிவிடுகிறார்கள். என்னிடம் மட்டும் ஏனோ வியாதியை மறைக்கிறார்கள்.

நூலகவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. இன்னொன்று, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. நான் தயார்தான். ஆனால் எப்போது படிப்பீர்கள், எத்தனை பக்கத்தில் தூக்கம் வரும் என்பதையாவது நீங்கள் சொல்ல வேண்டாமா?

பணி ஓய்வு பெற்ற ஒருவர் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் ஒரே நாளில் கேட்டார். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் காத்திருந்து ஊரே படித்த தொடர்கதை ஐயா, முதல் பாகத்தை மட்டும் கொண்டு போங்கள் என்றேன். இரண்டு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். இருபதாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. அதற்கு அப்பால் தாள்கள் புதுக் கருக்கு அழியாமல் இருந்தன.

"முடித்துவிட்டீர்களா?"

"முடித்துவிட்டேன்."

"நந்தினியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?"

"நல்ல பெண். குடும்பப் பாங்கானவள்."

நான் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. அதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். பாதியில் நிறுத்துவது குற்றமே இல்லை, அதற்கு அபராதமும் கிடையாது. ஆனால் பிடிக்கவில்லை என்று சொன்னால்தான் அடுத்ததைச் சரியாக எடுத்துத் தர முடியும். அவருக்குப் புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கொடுத்தேன். ஒரே உட்காரலில் முடிகிற கதை. பூமிக்கு வந்த கடவுளைப் பிள்ளை காபி சாப்பிட அழைத்துப் போய், தம்முடைய வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா சேர்க்கப் பார்க்கிறார். கடவுளின் ஆயுளுக்கு எத்தனை இதழ் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்காடு பஸ்ஸில் போகிறவர்கள் "வழியில் படிக்க" என்று கேட்டால் தருவதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகள். எழுத்தைப் பார்க்கிற கண் 'அசையாமல் இருக்கிறோம்' என்கிறது, உட்காது 'திரும்புகிறோம்' என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது வயிறு. ஏழாவது வளைவில் என்ன நடந்தது என்பதை எங்களிடம் இருக்கும் ஒரு நாவலின் அட்டை இன்றைக்கும் சொல்லும். அந்தப் பாதைக்கு என் சிபாரிசு, 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் சேர்ந்த 'சிங்கார வேலனே தேவா'. எது குரல், எது நாகசுரம் என்று காது துழாவுவதற்குள் சில வளைவுகள் கழிந்துவிடும். காதுக்குள் மட்டும் கேளுங்கள்; ஓட்டுநருக்கு அவருடைய பாட்டு இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் தம்பி ஒருவருக்கு எந்தப் புத்தகமும் பத்து நிமிடத்துக்கு மேல் ஒட்டவில்லை. தமக்குப் படிப்பு ஏறாது என்று முடிவே கட்டிவிட்டார். கொஞ்சம் பேச்சுக் கொடுத்ததில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார். அவருக்கு நான் எடுத்துக் கொடுத்தது புத்தகமல்ல, கண் மருத்துவமனைக்குப் போகும் வழி. இப்போது மூக்குக் கண்ணாடியோடு வருகிறார், துப்பறியும் கதைகளை விட்டுவைப்பதில்லை.

சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறவர்கள் நீங்கள். அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். உங்கள் வீட்டுச் சண்டையைத் தவிர மற்றதெல்லாம் எனக்குத் தகவல்தான்.

போன மாதம் அந்தப் பெரியவர் மறுபடியும் முதல் பாகத்தை வாங்கிப் போனார். பிறகு இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதைத் திருப்பிக் கொடுத்தபோது மேசைமேல் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "அந்த நந்தினி அப்படிப்பட்டவள் என்று முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?"