கரண்ட் போனால் சோலாரும் போகும்

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு பெரியவர் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் மாட்டிக் கொடுத்தேன். பத்தாவது நாள் போன். "என்ன தம்பி, வெயில் மண்டையைப் பிளக்குது, ஃபேன் ஓடமாட்டேங்குது?" லைனில் கரண்ட் இல்லை, அவ்வளவுதான். முன்னாடியே சொல்லாதது என் தப்பு.

பேனலுக்குள் இருப்பவை சிலிக்கான் செல்கள். வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான்கள் நகர்ந்து டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட் உண்டாகிறது. இன்வெர்ட்டர் அதை வீட்டில் ஓடும் ஏசி கரண்டாக மாற்றுகிறது. மிச்சக் கரண்ட் மீட்டர் வழியாக மின்வாரிய லைனுக்குப் போய்விடும். அந்த லைன் செத்தால் இன்வெர்ட்டரும் தானாகவே நிற்கும். நிற்காவிட்டால், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனை நம் வீட்டுக் கரண்ட் அடித்துவிடும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்க்காரர்களுக்கு இது ஏமாற்றம்தான். புயலுக்குப் பயந்து சோலார் போடுகிறவர்கள் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டராகக் கேளுங்கள், லைன் போனாலும் அது வீட்டுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கும். நாலு லைட், இரண்டு ஃபேனுக்குப் போதும். மோட்டாரை அதில் சேர்க்காதீர்கள். பேனலுக்கு 25 வருட வாரண்டி உண்டு, பேட்டரி அவ்வளவு காலம் உழைக்காது. அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

அடுத்தது தென்னை. பேனல்கள் வரிசையாகக் கோத்தவை என்பதால், ஒன்றின்மேல் மட்டை நிழல் விழுந்தாலும் மொத்த உற்பத்தியும் இறங்கலாம். வெட்டச் சொல்ல எனக்கு மனசு வராது, இடத்தை மாற்றுவேன். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது தெற்குப் பக்க மரத்தின் நிழல் எதுவரை நீள்கிறது என்று மாடியில் நின்று பாருங்கள்.

ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதிகூட வராத நாட்கள் உண்டு. சித்திரை வெயிலில் கொட்டும் என்று நினைக்காதீர்கள், பேனல் சூடேற ஏற உற்பத்தி குறையும்.

2024-இல் வந்த மத்திய அரசின் வீட்டு மாடி சோலார் திட்டமான சூர்ய கரில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். சரி, எல்லாருக்கும் வேண்டுமா? இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். அதை ஒட்டியே செலவாகிற வீட்டுக்காரர் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

வேதாரண்யம், நாகை மாதிரிக் கடலோரமாக இருந்தால் இன்னொன்று. உப்புக்காற்று முதலில் தின்பது ஸ்டாண்டையும் போல்ட்டையும்தான். விலையைக் குறைத்துச் சொல்கிறவரிடம் அந்தப் போல்ட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.