பரீட்சை முடிந்த மறுநாள் ஏன் தலை வலிக்கிறது?

மருத்துவமும் நர்சிங்கும் பார்மசியும் படிக்கும் மாணவர்களிடம் மைக்ரேன் பற்றிக் கேட்டால் அறிகுறி, மருந்து, அளவு எல்லாம் கடகடவென்று சொல்வார்கள். அவர்களில் பலருக்கே அந்த ஒற்றைத் தலைவலி இருக்கும். மைக்ரேன் பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளிலோதான் தொடங்குகிறது. பருவமடைந்த பின் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு, மூன்று மடங்கு அதிகம் பிடிக்கிறது.

மைக்ரேன் உள்ள மூளைக்கு மாற்றம் ஒத்துக்கொள்ளாது. இந்தத் தன்மை பெரிதும் பரம்பரையாக வருவது. தூக்கம் குறைந்தாலும் கூடினாலும், சாப்பாடு தள்ளிப்போனாலும், வழக்கமான காபி தவறினாலும் அது சீண்டப்படும். மன அழுத்தம் சட்டென இறங்குவதும் ஒரு மாற்றம்தான். பரீட்சை நாளைத் தாக்குப்பிடித்தவர் மறுநாள் படுத்துவிடுவது அதனால்தான். நைட் டியூட்டியும் பகல் வகுப்பும் மாறி மாறி வரும் படிப்பில் இந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேர்கின்றன.

வலிக்கு ஓரிரு நாள் முன்பே மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பகுதியின் செயல்பாடு மாறுவதை ஸ்கேன்களில் பார்த்திருக்கிறார்கள். கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பு மேல் ஆசை எல்லாம் அப்போது வரலாம். ஆக, சாக்லேட் தின்றதால் வலி வந்தது என்று நாம் நினைப்பது பல நேரம் தலைகீழ்க் கணக்கு. அந்த ஆசையே மைக்ரேனின் முதல் படியாக இருந்திருக்கலாம்.

சிலருக்கு அடுத்து கண்முன் மின்னும் வளைகோடுகள் தெரியும். மூளையின் மேற்பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊரும் மின் அலை அதற்குக் காரணம். 1944இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் அரிஸ்டிடெஸ் லியாவோ விலங்குகளின் மூளையில் கண்டறிந்து எழுதிய அலை இது. அப்புறம் முகத்துக்கும் மூளையுறைக்கும் போகும் முக்கிளை நரம்பு தூண்டப்பட்டு, சிஜிஆர்பி என்ற புரதத் துணுக்கைக் கசியவிடுகிறது. வலி, குமட்டல், வெளிச்சம் தாங்காமை என 4 முதல் 72 மணி நேரம் வரை இழுக்கும்.

எனக்குப் பெரிய கவலை மாத்திரை விஷயத்தில்தான். மருந்து தெரிந்தவர்கள், மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருப்பவர்கள், டாக்டரிடம் போகாமல் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். பாராசிட்டமால் போன்ற சாதாரண மாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரைகளை அல்லது பல மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரைகளை 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களைத் தாண்டி எடுத்துவந்தால் அந்த மருந்தே தலைவலியை வளர்த்துவிடும். வலி வராமல் தடுக்கவே தனி மருந்துகள் இருக்கின்றன. 2018 முதல் சிஜிஆர்பியைக் குறிவைக்கும் ஊசிகளும் வந்துவிட்டன. மாத்திரை போட்ட நாட்களைக் குறித்து எடுத்துக்கொண்டு ஒருமுறை நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நோயாளிக்குச் சொல்லும் அதே அறிவுரைதான், தயவுசெய்து உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள்.