பேரிங் இல்லாத யோ-யோ: எதை வாங்குவது, எப்படி ஆடுவது

இப்போது நல்ல யோ-யோ ஒன்று வேண்டும் என்று தேடினால், அலுமினியத்தில் கடைந்து நடுவில் பால் பேரிங் வைத்ததுதான் முதலில் வந்து நிற்கும். வீசிவிட்டால் நிமிடக்கணக்கில் கீழேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஆனால் சும்மா இழுத்தால் மேலே வராது. நூலை மடித்து இடுக்கில் விட்டு 'பைண்ட்' போட்டால்தான் வரும். அதற்கு முந்தைய ரகம்தான் ஃபிக்ஸட் ஆக்ஸில்: இரண்டு வட்டுகள், அவற்றை இணைக்கும் ஒரு மரக்குச்சியோ இரும்புக்கம்பியோ, அதன் மேல் நேரடியாக மாட்டிய நூல், அவ்வளவுதான். நன்றாக வீசினால் பத்து இருபது விநாடி தூங்கும் (கீழே நின்றபடி சுற்றுவதை அப்படித்தான் சொல்கிறார்கள்). லேசாகச் சுண்டினால் திரும்பி வந்துவிடும். அந்தத் தூக்கத்தைக் கெடுக்கும் உராய்வுதான் யோ-யோவைத் திரும்பவும் கொண்டுவருகிறது. வாங்கும்போது நாம் தேர்ந்தெடுப்பதும் அந்த உராய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத்தான்.

நூலிலிருந்து ஆரம்பிப்போம், சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. யோ-யோ நூலின் கீழ்முனையில் முடிச்சு கிடையாது. நீளமான ஓர் இழையை இரண்டாக மடித்து முறுக்கியிருப்பார்கள். மடிப்பு வரும் முனையில் முறுக்கைக் கொஞ்சம் பிரித்தால் ஒரு கண்ணி திறக்கும், அச்சு அதற்குள் இருக்கும். 1866-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஹேவன், ஹெட்ரிக் என்ற இருவர் யோ-யோ மாதிரியான ஒரு பொம்மைக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். ஆனால் நூலை அச்சில் கட்டிவிட்டால் அது இறங்கும், உடனே ஏறும், வேறு எதுவும் செய்யாது. 1928-ல் பிலிப்பைன்ஸிலிருந்து போன பெட்ரோ ஃப்ளோரெஸ் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் யோ-யோ கம்பெனி ஆரம்பித்தபோது விற்றது கட்டாத, கண்ணியாகச் சுற்றிய நூல் வைத்த யோ-யோவை. கண்ணிக்குள் அச்சு வழுக்கிச் சுழல முடிவதால்தான் தூக்கமே சாத்தியமானது. பின்னால் டன்கன் என்ற அமெரிக்க வியாபாரி அந்தத் தொழிலை வாங்கி உலகம் முழுக்கப் பரப்பியதெல்லாம் வியாபாரக் கதை, அதை விட்டுவிடலாம்.

இப்போது கையிலிருந்து சும்மா நழுவவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 56 மில்லிமீட்டர் விட்டமுள்ள, சீரான தட்டு மாதிரியான ஒரு யோ-யோ, அச்சு 8 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அது விழும் முடுக்கம் கல் விழுவதில் சுமார் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். கல் ஒரு மீட்டரை அரை விநாடிக்குள் கடக்கும், இதற்கு இரண்டு விநாடிக்கு மேல் ஆகும் (சுற்றிய நூலே அச்சைத் தடிமனாக்குவதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் வேகமாக இறங்கும்). மிச்ச ஆற்றல் எங்கே போனது? 96 சதவீதம் சுழற்சிக்குள் போய்விட்டது. வீசாமல் வெறுமனே விட்டதற்கே அடியில் விநாடிக்கு ஏறக்குறைய 35 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 2,000-க்கும் மேல். கை பலத்தோடு வீசினால் இதற்கும் மேலே போகும்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் ஆடுபவர்களுக்கு உடனே உதவும் ஒரு விஷயம் கிடைக்கிறது. கையின் உதவி இல்லாமல் ஒரு மீட்டர் ஏற அதே 35 சுற்று வேகம் மிச்சம் இருக்க வேண்டும். வேகம் பாதியாகிவிட்டால் ஏறும் உயரம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும், ஏனென்றால் சுழற்சி ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. "இன்னும் சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது, ஏன் முழங்கால் வரை வந்து செத்துவிடுகிறது" என்று புதிதாக ஆடுபவர்கள் முழிப்பது இதனால்தான். நாம் கொடுக்கும் சுண்டல் கொஞ்சம் ஈடுகட்டும், முழுதாக இல்லை.

சுண்டினால் ஏன் ஏறுகிறது? தூங்கும்போது யோ-யோவின் எடை நூலை விறைப்பாக வைத்திருக்கிறது, கண்ணியின் அடிப்பாகம் அச்சில் உரசி வழுக்கிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் சுண்டும்போது யோ-யோ ஒரு கணம் மேலே எழும்புகிறது, நூல் தளர்கிறது. தளர்ந்த நூலை அச்சு தன்னோடு இழுத்துக்கொண்டுபோய் ஒரு சுற்று சுற்றிக்கொள்கிறது. அப்புறம் அதை விடுவிக்க முடியாது. படகைக் கட்டும்போது கயிற்றைக் கட்டையில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நுனியைக் கையில் லேசாகப் பிடித்தாலே போதுமே, அதே விதிதான்: உராய்வுக் கெழு (இரண்டு பரப்புகள் எவ்வளவு உரசும் என்பதைச் சொல்லும் எண்) 0.3 என்றால் ஒரு சுற்று பிடியை ஆறரை மடங்காக்கும், இரண்டு சுற்று 43 மடங்கு, மூன்று சுற்று 280 மடங்குக்கு மேல். கூட்டல் இல்லை, பெருக்கல். அதனால்தான் மாற்றம் படிப்படியாக வராமல், ஒன்று தூங்குகிறது, இல்லையென்றால் சட்டென்று பிடித்துக்கொள்கிறது.

1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்கலத்தில் பொம்மைகளை எடுத்துப்போனார்கள், டேவிட் கிரிக்ஸ் யோ-யோ ஆடினார். அங்கே அது தூங்கவில்லை, நூலின் கடைசிவரை போய் உடனே திரும்பிவிட்டது. எடை இல்லை, நூலை விறைப்பாக வைக்க ஆள் இல்லை, தளர்ந்த நூலை அச்சு விடுமா?

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருவோம். கனமானது நீண்ட நேரம் தூங்கும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். எடை கூடினால் சேமிக்கும் சுழற்சி கூடுகிறது, ஆனால் அதே எடை நூலை அச்சில் அதே விகிதத்தில் அழுத்தி உராய்வையும் கூட்டிவிடுகிறது. ஒரே வேகத்தில் சுற்றும் இரண்டு யோ-யோக்களை ஒப்பிட்டால் எடை அடிபட்டுப் போகும். மிஞ்சுவது மூன்று: எடை விளிம்பில் எவ்வளவு தள்ளி இருக்கிறது, அச்சு எவ்வளவு மெல்லியது, நூலுக்கும் அச்சுக்கும் எவ்வளவு உராய்வு. 50 முதல் 65 கிராமுக்குள் கைக்குப் பிடித்ததாக எடுத்துவிட்டு விளிம்பைப் பாருங்கள், நடுவில் குடைந்து ஓரத்தில் மரம் விட்டிருந்தால் நல்லது.

அச்சு விஷயத்தில் பேராசைப்படக்கூடாது. பாதித் தடிமனாக்கினால் தூக்கம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், உண்மைதான். ஆனால் 8 மில்லிமீட்டர் அச்சு ஒரு சுற்றில் 25 மில்லிமீட்டர் நூலை இழுத்துக்கொள்ளும், 4 மில்லிமீட்டர் அச்சு அதில் பாதிதான். ஒரு மீட்டர் ஏற நாற்பது சுற்றா, எண்பது சுற்றா என்பது கையில் அப்படியே தெரியும், மெல்லிய அச்சு சோம்பேறித்தனமாக ஏறும். டன்கன் இம்பீரியல் மாதிரி இரும்பு அச்சு வைத்த பிளாஸ்டிக் யோ-யோக்கள் விலை குறைவு, உடையாது, பழக அது போதும். என் ஓட்டு மர அச்சுக்குத்தான், நூலை அது பிடிக்கும் விதத்தில் ஒரு மென்மை இருக்கிறது, இரும்பில் அது வருவதில்லை.

உருவத்தில் இரண்டு ரகம். வெளி ஓரம் உருண்டிருக்கும் பழைய ரகம் கையைவிட்டு முன்னால் சுற்றிச் சுற்றிப் போய்வரும் 'லூப்' ஆட்டத்துக்கு. வாய் அகலமாக விரிந்த பட்டர்ஃபிளை ரகம், சுற்றும்போதே யோ-யோவை நூலின் மேல் உட்காரவைக்கும் வித்தைகளுக்கு. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் பட்டர்ஃபிளை. இன்னொன்று, கழற்றக்கூடியதாக இருந்தால் நல்லது. சான் ஃபிரான்சிஸ்கோவில் பல் மருத்துவராக இருந்த டாம் குன் 1970களின் கடைசியில் 'நோ ஜைவ்' என்ற மர யோ-யோவைக் கொண்டுவந்தார். வட்டுகளைத் திருப்பி மாட்டி மூன்று உருவமாக ஆக்கலாம், தேய்ந்த அச்சை மட்டும் மாற்றலாம். மரத்தின் அடர்த்தி ஒரே சீராக இருக்காது, அதனால் சுற்றும்போது அதிரும். ஒரு வட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்தால் இரண்டு பக்கக் கோளாறும் ஒன்றையொன்று சமன்செய்யும் இடம் ஒன்று கிடைக்கும்.

நூல் பருத்தியாகவே இருக்கட்டும். பேரிங் யோ-யோவுக்கு வரும் பாலியெஸ்டர் நூல் இங்கே அச்சில் உரசிச் சூடேறி உருகிவிடும். நீளத்துக்கு, யோ-யோவைத் தரையில் விட்டு நூலைத் தொப்புள் வரை பிடித்து அளந்துகொள்ளுங்கள். மேல்முனையில் இருக்கும் சின்னக் கண்ணியில் விரலை நுழைக்கக்கூடாது. அதன் வழியாக நூலையே இழுத்துச் சுருக்குக் கண்ணியாக்கி, நடுவிரலின் முதல் இரண்டாம் மூட்டுகளுக்கு நடுவில் மாட்ட வேண்டும். உள்ளங்கை மேலே பார்த்திருக்க, நூல் யோ-யோவின் மேல்பக்கம் வழியாக விரலுக்கு வருமாறு பிடித்து, கையை மடக்கிக் காதருகே கொண்டுபோய் முன்னும் கீழுமாக விடுங்கள். வட்டு சாயாமல் போனால் நூல் உட்சுவரில் உரசாது, பாதிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

திடீரென்று தூங்க மறுக்கிறதா? பெரும்பாலும் குற்றம் முறுக்கில். ஆட ஆட நூலின் முறுக்கு மாறிக்கொண்டே இருக்கும். முறுக்கு ஏறினால் கண்ணி அச்சை நெரிக்கும், யோ-யோ போன வேகத்தில் திரும்பும். இறங்கினால் கண்ணி தொளதொளவென்றாகி, எவ்வளவு சுண்டினாலும் வராது. நூலை விரலிலிருந்து கழற்றி, யோ-யோவைத் தொங்கவிட்டால் கூடுதல் முறுக்கு தானாகவே அவிழ்ந்துவிடும். இதற்கும் அடங்காமல் வர மறுத்தால் கண்ணியை எட்டுப்போல் முறுக்கி அச்சில் இரண்டு முறை மாட்டலாம். தூக்கம் குறையும், பிடி கூடும்.

பத்து விநாடியில் என்ன வித்தை செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு 'ஸ்டால்' வகை ஆட்டங்களைக் காட்டுவேன். யோ-யோ கைக்கு மேலே எழும்பி, சுழற்சி ஏறக்குறைய தீர்ந்து, ஒரு கணம் நின்று, மறுபக்கமாகச் சரிந்து எதிர்த்திசையில் நூலை அவிழ்த்துக்கொண்டு இறங்கும். இதற்குத் தூக்கமே தேவையில்லை. ஆனால் எதிர்த்திசையில் இறங்கிய பின்னும் அச்சு நூலைப் பிடித்தாக வேண்டுமே, அதனால் நல்ல பேரிங் யோ-யோவை எடுத்துவந்தால் அது அடியில் போய் அப்படியே நின்றுவிடும். பழக ஆரம்பிக்கும் முன் நூலின் அடிக்கண்ணியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கறுத்து, பிசிர் தட்டியிருந்தால் நூலை மாற்றிவிடுங்கள். அது அறுந்தால் மரக்கட்டை யார் முகத்துக்குப் போகும் என்று சொல்ல முடியாது.