சுண்டெலியிலும்தான் சாயம் ஏறும்

மறுபடியும் அதே ஸ்லைடு. சுண்டெலிக்குள் மனிதப் புற்றுநோய் செல்களைச் செலுத்தி வளர்த்த கட்டி. அதில் மனித செல்கள் எவை என்று பார்க்க, முயலில் தயாரித்த 'மனித ஹிஸ்டோன் எச்3' ஆன்டிபாடியைப் போட்டிருக்கிறார்கள். ஹிஸ்டோன் என்பது நியூக்ளியஸில் டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதம்; ஆன்டிபாடி அதில் ஒட்டிய இடத்தில் பழுப்புச் சாயம் ஏறும். கட்டி, சுற்றியிருக்கும் கொழுப்பு, ரத்தக்குழாய்ச் சுவர் என்று ஒரு நியூக்ளியஸ் விடாமல் பழுப்பு. "ஆன்டிபாடி கெட்டுப்போச்சு போல, கம்பெனிக்கு எழுதலாமா?" என்று கேட்கிறார்கள். ஆன்டிபாடிக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

டேட்டாஷீட்டில் 'மனிதன்' என்று போட்டிருந்தால், மனிதப் புரதத்தில் சோதித்தோம், வேலை செய்தது என்றுதான் அர்த்தம். மற்ற உயிர்களில் ஒட்டாது என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஹிஸ்டோன் விஷயத்தில் கொடுக்கவும் முடியாது. பரிணாமத்தில் இவ்வளவு குறைவாக மாறிய புரதங்கள் அபூர்வம். கன்றுக்குட்டியின் எச்4-ஐயும் பட்டாணிச் செடியின் எச்4-ஐயும் 1969-இலேயே ஒப்பிட்டுவிட்டார்கள். 102 அமினோ அமிலங்களில் வித்தியாசம் இரண்டே இடத்தில்தான். மாட்டுக்கும் பட்டாணிக்குமே இவ்வளவுதான் என்றால், மனிதனுக்கும் சுண்டெலிக்கும் நடுவில் எதைத் தேடுகிறீர்கள்? முக்கியமான எச்3 வடிவங்கள் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. முயலுக்கும் ஏறக்குறைய அதே கதைதான். அதனால்தான் பல சமயம் ஹிஸ்டோனின் ஒரு சிறு துண்டை (பெப்டைடை), கடல் நத்தை ஒன்றின் பெரிய புரதத்தோடு ஒட்டி ஊசி போடுகிறார்கள். தன் புரதத்துக்கே எதிராக முயலைக் கிளப்பிவிட வேண்டுமே!

பாட்டிலில் 'முயல்' என்று இருப்பது செகண்டரியை (முதல் ஆன்டிபாடியின் மேல் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் இரண்டாவது ஆன்டிபாடி) தேர்ந்தெடுக்க. முயலுக்கு எதிரான செகண்டரி வாங்குங்கள், அவ்வளவுதான். மனித செல்களை மட்டும் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால், மனித கேயு80 என்ற புரதத்தையோ மனித மைட்டோகாண்ட்ரியாவையோ மட்டும் காணும் ஆன்டிபாடிகள் இருக்கின்றன. எதை வாங்கினாலும் மனித செல் எதுவும் செலுத்தாத சுண்டெலித் திசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துச் சாயமேற்றுங்கள். இதைச் செய்திருந்தால் அந்த ஸ்லைடு என் மேஜைக்கே வந்திருக்காது.

சரி, இந்தத் தவறாவது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஹிஸ்டோன் மேல் ஏறும் மெத்திலேஷன், அசிட்டிலேஷன் என்ற வேதி அடையாளங்களைக் காணும் ஆன்டிபாடிகள் சத்தமில்லாமல் ஏமாற்றும். எச்3-இல் கே9-ஐச் (9-ஆம் இடத்து லைசின்) சுற்றியும் கே27-ஐச் (27-ஆம் இடத்து லைசின்) சுற்றியும் இருப்பது ஒரே வரிசைதான்: அலனின், ஆர்ஜினின், லைசின், செரின். ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றிலும் ஒட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பக்கத்துச் செரின் 10-இல் பாஸ்பேட் ஏறினால், கே9-இல் மெத்தில் அப்படியே இருக்கும்போதே சில ஆன்டிபாடிகளுக்கு அது தெரியாமல் போகும். உடனே 'செல் பிரியும்போது மெத்திலேஷன் குறைகிறது' என்று தீசிஸில் ஒரு அத்தியாயம்! 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் 200-க்கும் மேற்பட்ட ஹிஸ்டோன் ஆன்டிபாடிகளைச் சோதித்தார்கள். கால்வாசிக்கும் மேல் தேறவில்லை.

"நாக்அவுட் செல்லில், அதாவது அந்தப் புரதத்தின் ஜீனை நீக்கிய செல்லில், பார்த்துவிடலாமே" என்பீர்கள். எச்3-க்கு மனித ஜீனோமில் பத்துக்கும் மேற்பட்ட ஜீன்கள் இருக்கின்றன, எதை எடுப்பது? அந்த அடையாளத்தைப் போடும் நொதியை நிறுத்துங்கள். கே27 ட்ரைமெத்தில் (மூன்று மெத்தில் ஏறியது) என்றால், அதைப் போடும் இஇசட்எச்2 நொதியின் தடுப்பானைச் சில நாள் கொடுங்கள். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடி போட்டுப் பார்ப்பது) பேண்ட் மங்க வேண்டும். மங்கவில்லை என்றால் அந்த ஆன்டிபாடியை நம்ப வேண்டாம். ஆன்டிபாடியோடு பெப்டைடைக் கலந்து, எது அதை ஒட்டவிடாமல் தடுக்கிறது என்று பார்க்கும் பெப்டைடு போட்டியும் வையுங்கள்: மெத்தில் உள்ளது, இல்லாதது, கே9, கே27 எல்லாவற்றையும்.

மற்றவை சுருக்கமாக. பிளாட்டுக்கு 15% ஜெல், 0.2 மைக்ரான் துளையுள்ள மெம்பிரேன். 0.45-இல் மாற்றிவிட்டு "எச்3 காணோம்" என்று வராதீர்கள். அசிட்டிலேஷன் பார்ப்பதானால் பஃபரில் சோடியம் பியூட்டிரேட் சேருங்கள். எச்ஆர்பி (சமிக்ஞை தரும் நொதி) இணைந்த செகண்டரியில் சோடியம் அசைடு கூடவே கூடாது, நொதி செத்துவிடும். பாலிகுளோனல் (பல வகை ஆன்டிபாடிகளின் கலவை) என்றால் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதியுங்கள். முடிந்தால் ரீகாம்பினன்ட் முயல் மோனோகுளோனலுக்கு (ஜீனிலிருந்து ஒரே வகையாகத் தயாரிக்கும் ஆன்டிபாடி) மாறிவிடுங்கள், லாட் தலைவலி பெரும்பாலும் போய்விடும். அப்புறம், 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்ற பாட்டிலை வைத்து நோயாளியின் மாதிரிக்கு ரிப்போர்ட் எழுத வேண்டாம், தயவுசெய்து.

என்னிடம் சந்தேகம் கேட்க வரும்போது கேட்டலாக் எண்ணோடு லாட் எண்ணையும் எடுத்து வாருங்கள். பிளாட்டை 17 கிலோடால்டன் பக்கத்தில் கீற்றாக வெட்டி அனுப்பாதீர்கள். மேலே என்னென்ன பேண்ட் வந்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.